ஒரே கம்பெனியின் இரண்டு ஊர்கள்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்திலிருந்து கிழக்கே 50 கிலோமீட்டர் உள்ளே போனால் ஸ்டெல்லன்போஷ் வரும். கடல் கண்ணில் படாது. சுற்றிலும் மலை, நடுவே சிற்றாறு, ஓக் மரங்கள் நிழல் பரப்பிய தெருக்கள், சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகள், ஒரு பெரிய பல்கலைக்கழகம். ஊர் எல்லை முடியும் இடத்தில் திராட்சைக் கொடிகள் தொடங்கி மலைச்சரிவு வரை ஏறுகின்றன. ஒயின் பிடித்தவர்கள் வாழ்நாளில் ஒருமுறை போய்ப் பார்க்க விரும்பும் ஊர்களின் பட்டியலில் இதற்கு உறுதியாக இடம் உண்டு.

ஊருக்கு அடித்தளம் இட்டவர் சைமன் வான் டெர் ஸ்டெல், கேப் குடியிருப்பின் தலைவர். 1679 நவம்பரில் இந்த ஆற்றங்கரைக்கு வந்தவர், இடம் பிடித்துப்போய்த் தன் பெயரையே ஊருக்கு வைத்தார். அவர் சம்பளம் வாங்கியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம். அதே ஆண்டில் அதே கம்பெனிக்குச் சோழமண்டலக் கரையில் தலைமையிடமாக இருந்த ஊர் சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டரில் உப்பங்கழி ஓரம் இருக்கிறது. பழவேற்காடு.

இன்று ஒன்றுக்கு விமானம் ஏறி வருகிறார்கள். மற்றொன்றுக்குப் பொன்னேரி வழியாக ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, நண்டு வாங்கிக்கொண்டு, பூநாரை தெரிந்தால் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்த இரண்டு ஊர்கள் இப்படிப் பிரிந்ததற்கு அழகு காரணமில்லை. அழகில் பழவேற்காடு எதற்கும் குறைந்ததில்லை. ஓர் ஊரில் விருந்தாளிக்கு எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது, வரும் பணம் யார் கைக்குப் போவது என்பதையெல்லாம் அங்கே நிலமும் நீரும் யாருடையவை என்ற கேள்விதான் தீர்மானிக்கிறது. இரண்டு ஊர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது துலக்கமாகத் தெரியும்.

ஒல்லாந்தர் பழவேற்காட்டுக்கு வந்தது துணிக்காக. மொலுக்கா தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால் வெள்ளியைவிடச் சோழமண்டலத்துத் துணிக்கே அங்கே மதிப்பு. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் இசைவோடு 1610இல் பண்டகசாலை போட்டார்கள். சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் வந்து அதை அழித்ததும், 1613இல் கோட்டையே கட்டிவிட்டார்கள். நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாநிலத்தின் பெயரால் அது ஜெல்திரியா கோட்டை ஆனது. உள்ளே நாணயச் சாலை இருந்தது. இங்கே தயாரான வெடிமருந்து கீழைக் கடல்களில் ஓடிய கம்பெனிக் கப்பல்களுக்குப் போனது. ஏரி ஆழமில்லாதது, முகத்துவாரத்தில் மணல்மேடு. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்க, கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைக் கொண்டுபோனவை உள்ளூர்ப் படகுகள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை கிழக்குக் கரையில் கம்பெனியின் கணக்கெல்லாம் இங்கேதான் முடிந்தது.

அந்தப் படகுகளில் துணிப்பொதி மட்டும் ஏறவில்லை.

வரலாற்றாய்வாளர் மார்கஸ் விங்க் 2003இல் வெளியிட்ட ஆய்வு, டச்சுக்காரர்களின் இந்தியப் பெருங்கடல் அடிமை வணிகத்தை அவர்களுடைய ஆவணங்களைக் கொண்டே எண்ணிக் காட்டுகிறது. 1622, 1623 ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் ஏற்றப்பட்டார்கள். கையில் பணம் இருந்திருந்தால் மேலும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கரையில் இருந்த அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1646இல் 2,118 பேர். 1659 முதல் 1661 வரை, பிஜப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து தஞ்சைச் சீமையைச் சூறையாடிய காலத்தில், 8,000 முதல் 10,000 பேர் வரை. இந்த ஆண்டுகளைக் கோத்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரிகிறது. மழை பொய்த்தோ படை நுழைந்தோ நெல் விலை ஏறினால் மனித விலை இறங்கும். பெற்றோர் பிள்ளைகளை விற்பார்கள், சிலர் தங்களையே விற்றுக்கொள்வார்கள். கம்பெனி காத்திருந்து வாங்கும்.

பெரும்பாலோர் போனது பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் மலாக்காவுக்கும். கேப்புக்குப் போனவர்களில் பலர் சுற்றுவழியில் போனவர்கள். ஆசியாவில் பணி முடிந்து ஊர் திரும்பும் அதிகாரிகள் வேலைக்கு வைத்திருந்த அடிமைகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நெதர்லாந்து மண்ணில் அடிமையை வைத்துக்கொள்வது சிக்கல் என்பதால் வழியில் கேப்பில் விற்றுவிடுவார்கள். 1652க்கும் 1808க்கும் இடையில் கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்பது ராபர்ட் ஷெல் என்ற வரலாற்றாய்வாளரின் கணக்கு. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இந்தோனேசியா என்ற நான்கு பகுதிகளுக்கும் ஏறத்தாழக் கால்வாசி வீதம் பங்கு. அவர்களின் சொந்தப் பெயர்கள் கப்பலோடு போயின. விற்பனைப் பத்திரங்களில் ஒரு புதுப் பெயரும் அதன் வாலாகப் புறப்பட்ட இடமும் இருக்கும்: வங்காளம், மலபார், கோரமண்டல். வாங்கிய மாதத்தையே பெயராக வைத்ததும் உண்டு. செப்டம்பர், பிப்ரவரி என்ற குடும்பப் பெயர்கள் கேப்பில் இன்றும் இருக்கின்றன.

இவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதில்தான் ஒயின் உள்ளே வருகிறது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே கப்பல்கள் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் ஏற்றிக்கொள்ளும் இடமாகத்தான் கம்பெனி கேப்பை வைத்திருந்தது. மாலுமிகளைக் கொன்றுகொண்டிருந்த ஸ்கர்வி நோய்க்கு ஒயின் நல்லது என்ற நம்பிக்கையில் கேப் குடியிருப்பின் முதல் தலைவர் யான் வான் ரீபெக் 1655இல் திராட்சைக் கன்றுகளை வரவழைத்தார். 1659 பிப்ரவரி 2ஆம் தேதி முதல் பழம் பிழியப்பட்டதைத் தன் நாட்குறிப்பில் கடவுளுக்கு நன்றி சொல்லிப் பதிந்திருக்கிறார். ஸ்கர்வியை ஒயின் குணப்படுத்தவில்லை, அது வேறு கதை. பின்னால் 1680களில் வான் டெர் ஸ்டெல் உருவாக்கிய கான்ஸ்டன்ஷியா தோட்டத்தின் இனிப்பு ஒயின் ஐரோப்பிய அரண்மனைகள் வரை போய்ச் சேர்ந்தது. செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்குக்கூட அது அனுப்பப்பட்டது. புதர் வெட்டியதும், குழி தோண்டியதும், கவாத்து செய்ததும், பழம் மிதித்ததும் அடிமைகளின் கை கால்கள். ஸ்டெல்லன்போஷின் வெள்ளை வீடுகளைக் கட்டியவர்களும் அவர்கள்தான்.

வான் டெர் ஸ்டெலின் குடும்பக் கதையிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. அவருடைய தாய் மரியா லீவன்ஸ். மரியாவின் தாய் மோனிகா, இந்தியக் கடற்கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டு விடுதலை பெற்ற அடிமைப் பெண். சைமனின் தந்தை ஆட்ரியான் கம்பெனி அதிகாரி, 1646இல் இலங்கையில் கொல்லப்பட்டவர். பிற்காலத்தில் நிறவெறி அரசின் அறிவாளிகளைப் பயிற்றுவித்த ஊர் ஸ்டெல்லன்போஷ். இனப் பிரிவினையைச் சட்டமாகச் செதுக்கிய ஹென்ட்ரிக் வெர்வூர்ட் அங்கே பேராசிரியராக இருந்தவர். அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தவரின் பாட்டி ஓர் இந்திய அடிமை. வரலாறு சில சமயம் நாவலாசிரியர்களைவிடத் துணிச்சலாகக் கதை கட்டுகிறது.

இனி, அந்த ஊர் எப்படி விருந்தாளிகளின் ஊரானது என்ற கேள்வி. அதற்குள் கேப் கைமாறி வந்திருந்த பிரிட்டிஷ் ஆட்சி 1834 டிசம்பர் 1ஆம் தேதி அடிமை முறையை ஒழித்தது. அதன்பின் நான்கு ஆண்டுகள் ‘பயிற்சியாள்’ என்ற பெயரில் அதே எசமானிடம் அதே வேலை. 1838இல் அதுவும் முடிந்தது. நிலம் மட்டும் கைமாறவில்லை. விடுதலை பெற்றவர்களில் பலர் வேறு வழியின்றிப் பண்ணைகளுக்கே கூலியாகத் திரும்பினார்கள். கூலியில் ஒரு பகுதியை மலிவான ஒயினாகவே கொடுக்கும் ‘டாப்’ வழக்கம் பரவியது. ஒரு நாளில் பல வேளை, குவளைக் கணக்கில். சட்டம் அதை 1960களில் தடை செய்தது. நடைமுறையில் அது 1990கள் வரை நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் இந்த ஒயின் நாடும் ஒன்று. சுவைத்துப் பார்க்கும் அறையில் ஊற்றப்படும் கோப்பைக்கு இப்படியும் ஒரு பின்பக்கம் உண்டு.

சுற்றுலாவுக்கென ஒயின் பாதை பிறந்தது 1971இல். சிமோன்சிக், ஸ்பியர், டெல்ஹைம் என்ற மூன்று தோட்டங்களின் உரிமையாளர்கள் கூடி அதைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் பிரான்சில் அப்படியொரு பாதையைப் பார்த்துவிட்டு வந்தவர். தோட்டத்துக்கு வழிகாட்டும் பலகை, வருபவர் சுவைத்துப் பார்க்க மேசை, பிடித்தால் அங்கேயே வாங்க வசதி, பசித்தால் சாப்பாடு. இன்று எளிமையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டுக்கு அன்றைய மதுச் சட்டங்களோடு அவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஊருக்குச் சொல்லிக்கொள்ள ஏற்கெனவே ஒரு சரக்கும் இருந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆப்ரகாம் பெரோல்டு 1925இல் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு இனங்களைக் கலந்து உருவாக்கிய ‘பினோடாஜ்’ திராட்சை. தோட்டம், ஆய்வகம், பழைய கட்டடம் மூன்றும் ஒரே ஊரில் கிடைத்தன. ஒயின் பாதை அவற்றை ஒரு நாள் பயணமாகக் கட்டிக் கொடுத்தது.

ஊர் நடுவே கம்பெனியின் வெடிமருந்துக் கூடம் நிற்கிறது. 1777இல் கட்டியது, கம்பெனியின் முத்திரையோடு. 1709இல் கட்டிய ஒரு சிறு வீட்டைப் பழுது பார்த்து அருங்காட்சியகத்தோடு சேர்த்திருக்கிறார்கள். பழவேற்காட்டின் வெடிமருந்துச் சாலை எங்கே இருந்தது என்று இப்போது கை நீட்டிக் காட்ட யாராலும் முடியாது.

ஆனால் அந்த அழகான தெருக்களில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் அங்கே வாழ விடப்படவில்லை. ஊர் நடுவில் இருந்த ‘டி ஃபிளாக்தெ’ பகுதி கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்ட குடும்பங்களின் குடியிருப்பு. அவர்களில் பலர் அந்தப் பழைய அடிமைகளின் வழிவந்தவர்கள். 1964இல் அது வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வீடு, பள்ளி, கடை எல்லாம் காலியாயின. மக்கள் ஊர் விளிம்புக்குத் தள்ளப்பட்டார்கள். கறுப்பினத் தொழிலாளர்களின் குடியிருப்பான காயமண்டி இன்றும் தகரக் குடிசைகளோடு மலைச்சரிவில் நெருக்கியடித்துக் கிடக்கிறது. 2018இல் அதை ஒட்டிய பண்ணை நிலத்தில் மக்கள் இறங்கிக் குடிசை போட்டு, அந்த இடத்துக்கு ‘அசேனியா’ என்று பெயரும் வைத்தார்கள். இன்னொரு திராட்சைப் பள்ளத்தாக்கிலுள்ள டி டோர்ன்சில் 2012 இறுதியில் திராட்சைக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குச் சட்டம் வகுத்திருந்த குறைந்தபட்ச நாள் கூலி 69 ராண்ட். கேட்டது 150, கிடைத்தது 105. விருந்தாளி பார்க்கும் ஸ்டெல்லன்போஷும் குடியிருப்பவரின் ஸ்டெல்லன்போஷும் ஒரே அஞ்சல் எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

ஸ்டெல்லன்போஷ் போன்ற ஓர் ஊர் தமிழ்நாட்டில் உண்டா என்று கேட்பவர்களுக்கு உடனே நினைவில் வருவது தேனி மாவட்டத்துக் கம்பம். உள்நாட்டுச் சிறு நகரம், இருபுறமும் மலை, 1895இல் திறந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், கல்தூணும் கம்பியுமாகப் பரவிய திராட்சைப் பந்தல்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று பந்தலுக்கடியிலேயே வாழும் ஊர்கள். கவாத்தை முன்பின்னாக மாற்றி வைப்பதால் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் இனம். கலிபோர்னியாவிலும் சீனாவின் தியான்ஜினிலும் இதே பழத்தில் ஒயின் எடுக்கிறார்கள். குமுளி வழியாக இறங்கும் கேரளக் குடும்பங்கள் பந்தலுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு, பழச்சாறு குடித்து, கிலோக்கணக்கில் வாங்கிப் போகிறார்கள். அதில் ஒரு பங்கு கிறிஸ்துமசுக்கு வீட்டு ஒயினாகும். சுற்றுலா யாரும் திட்டமிடாமல் தானாகவே வந்துவிட்டது. ஒயின் மட்டும் வரவில்லை.

காரணம் மண்ணில் இல்லை. மகாராஷ்டிரம் 2001இல் திராட்சை பதப்படுத்தலுக்கென்று ஒரு கொள்கையே வகுத்து வரிச்சலுகை கொடுத்தது. அதையொட்டி நாசிக் ஒயின் நகரமானது. தோட்டத்திலேயே ஊற்றி, அங்கேயே விற்று, இரவு தங்கவும் வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். ஒயின் ஆலை வைத்தாலும் வாசலில் மேசை போட்டு ஊற்றிக் கொடுக்க முடியாது. கொள்கையின் நியாயத்தைத் தனியாகப் பேசலாம். டாப் வழக்கத்தின் வரலாற்றைப் படித்தவர்கள் கம்பத்துக் கூலிகளுக்காகக் கொஞ்சம் ஆறுதல்கூட அடையலாம். ஆனால் பன்னீர் திராட்சை தோல் மெலிந்தது, விதை உள்ளது, சில நாளில் குலைந்துவிடும். விலை விழும்போது விவசாயிக்கு வேறு போக்கிடம் இல்லை. 2020 ஏப்ரல் ஊரடங்கில் குலைகள் பந்தலிலேயே அழுகின. அங்கே நிலம் பெரும்பாலும் சிறு விவசாயிகளுடையது என்பது இதில் கவனிக்கத்தக்கது. மூன்று பெருந்தோட்டக்காரர்கள் கூடி ஒரு பாதை போடும் கதை கம்பத்தில் நடக்காது. நடந்தால் கூட்டுறவாகத்தான் நடக்க முடியும்.

மறுபடி பழவேற்காட்டுக்கு வரலாம். இங்கே காட்ட என்ன இருக்கிறது? கோட்டை இல்லை. பிரிட்டிஷார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்தார்கள், 1825இல் ஊரையே நிரந்தரமாக வாங்கிக்கொண்டார்கள். மிஞ்சியது முள்புதர் மூடிய மேடும் அகழியின் தடமும். டச்சுக் கல்லறைத் தோட்டம் நன்றாகவே இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நின்று வரவேற்கின்றன. உள்ளே குடும்ப முத்திரைகளோடு 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பலகைகள், கூம்புத் தூண்கள். சின்னப் பள்ளிவாசலில் 1914இல் வைத்த சூரியக் கடிகாரம் இருக்கிறது. செம்புரைக் கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. இத்தனையும் நடந்தே பார்த்துவிடக்கூடிய தொலைவுக்குள். அப்புறம் ஏரி: இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயல், பெரும்பகுதி ஆந்திரத்தில். வடகிழக்குப் பருவமழை முடியும் நேரத்தில் பூநாரைகள் இறங்கும். தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் 1980 முதல் பறவைகள் சரணாலயம்.

இந்த ஏரியில் வாழ்பவர்களுக்கு அது சரணாலயத்துக்கு முன்பே வயல். தோணிரேவு உள்ளிட்ட குப்பங்களின் நாள், முகத்துவாரம் திறந்திருக்கிறதா தூர்ந்திருக்கிறதா என்பதில் தொடங்குகிறது. கடல்நீர் உள்ளே வந்தால் இறால் வரும், மடவை வரும். மணல் மூடிவிட்டால் தண்ணீர் கெட்டு மீன் குறையும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் வந்தபோது, கரை அரித்து ஏரியும் கடலும் ஒன்றாகிவிடும் என்று குப்பங்கள் எதிர்த்து நின்றன. பிடிபடும் நல்ல பச்சை நண்டு உயிரோடு சென்னைக்குப் போய் அங்கிருந்து சிங்கப்பூர் போகிறது. இறாலும் அப்படித்தான், ஏற்றுமதிக் கம்பெனிகளின் வழியே. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிக்குக் கிடைப்பது மிச்சம். விளைந்த ஊரிலேயே ஊற்றிக் கொடுப்பதுதான் ஸ்டெல்லன்போஷ் ஏற்பாட்டின் உயிர். இங்கே விளைந்தது ஊரில் நிற்பதே இல்லை.

விருந்தாளியை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு இல்லாததன் விலையை ஏரி ஒருமுறை கடுமையாகக் காட்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சுற்றுலா வந்த குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. மீன்பிடிப் படகில், உயிர்காப்பு உடை இல்லாமல், அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியது என்று வழக்கமான பட்டியல். அதன்பின் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. தடை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் படகு ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பயிற்சியும் உரிமமும் கொடுக்கும் இரண்டாம் படிக்கு அரசு ஏறவில்லை. தடை இருக்கும் இடத்தில் ஓர் ஏற்பாடு தானாக முளைத்துவிடாது. கண் மறைவில் பேரம் மட்டும்தான் முளைக்கும்.

இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள ஆவணங்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. கம்பெனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவை ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், சென்னை ஆகிய நகரங்களின் காப்பகங்களில் பிரிந்து கிடக்கின்றன. கேப் டவுனில் கம்பெனி தன் அடிமைகளை அடைத்து வைத்திருந்த 1679ஆம் ஆண்டுக் கட்டடம் இப்போது ‘அடிமைகள் விடுதி’ என்ற அருங்காட்சியகம். விற்பனைப் பத்திரங்களிலிருந்து பெயர்களை எடுத்து அடுக்கும் வேலையைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். சில ஒயின் தோட்டங்கள்கூடத் தங்கள் பழைய அடிமைகளின் பெயர்களைச் சுவரில் பொறித்து வைத்திருக்கின்றன. அது மனசாட்சியா விளம்பரமா என்று அங்கேயே விவாதம் நடக்கிறது. விவாதம் நடக்கும் அளவுக்காவது அங்கே பெயர்கள் வெளியே வந்துவிட்டன. பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்துப் பலகைகளில் இருப்பவை வாங்கியவர்களின் பெயர்கள். ஏற்றப்பட்டவர்கள் யாருக்கும் அங்கே கல் இல்லை. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றிக் காட்ட அழைத்துவரும் ஆசிரியர்கள் எலும்புக்கூட்டுச் சிற்பத்தின் முன் நின்று ஒல்லாந்தரின் துணி வணிகத்தைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

பழவேற்காட்டை முறையான சுற்றுலா இடமாக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. படகுத்துறை, தங்கும் விடுதி, அருங்காட்சியகம் என்று பட்டியல் போடுவது எளிது. யார் நடத்துவது என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் முதலாளி ஏரிக்கரையில் விடுதி கட்டினால், அடுத்த தலைமுறைக் குப்பத்துப் பிள்ளைகள் அங்கே மேசை துடைப்பார்கள். ஸ்டெல்லன்போஷ் அதற்கு வேண்டிய அளவு சான்று வைத்திருக்கிறது.

மாற்று ஏரிக்குள்ளேயே இருப்பதாகச் சிலர் கருதலாம். பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறாலுக்கு வலை வைக்கும் இடங்கள் எல்லாருக்கும் பொது. எந்த நாளில் யாருக்கு எந்த இடம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறது. நல்ல இடம் ஒருவரிடமே தங்காது. ஏரியில் எவ்வளவு வலை இறங்கலாம் என்பதற்கும் இதனால் ஒரு கட்டு. கடல் சமூகங்களை ஆராய்பவர்கள் உலகமெங்கும் எடுத்துக்காட்டும் ஏற்பாடு இது. விருந்தாளிப் படகுக்கும் இதையே வைத்தால் என்ன? உரிமம் பெற்ற படகுகள், பயிற்சி பெற்ற ஆட்கள், ஒரு படகுக்கு இத்தனை பேர் என்ற கணக்கு, முறை வந்தவருக்கு அன்றைய வருமானம், ஊர்ப் பொதுவுக்கு ஒரு பங்கு.

யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாடு என்பது பட்டினவர் என்ற மீனவச் சாதி ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் உரிமை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் சீட்டு கிடையாது. ஏரியில் இறங்கும் தலித் மீனவர்களுக்கும் கிடையாது. மீன் விற்கும், ஓலை முடையும் பெண்களுக்கும் கிடையாது. இதையொட்டி ஏரியில் சண்டைகளும் நடந்திருக்கின்றன. அப்படியே எடுத்துப் படகுச் சுற்றுலாவில் ஒட்டினால் பழைய விலக்கலும் கூடவே வரும். சீட்டுப் பானையில் யார் பெயரெல்லாம் விழலாம் என்பதை வனத்துறையோ மீன்வளத் துறையோ சுற்றுலாத் துறையோ சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. குப்பங்களின் ஊர்க்கூட்டங்களும் பானைக்கு வெளியே நின்றவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பேச வேண்டிய காரியம் அது. அப்படியொரு கூட்டத்தை முகத்துவாரம் தூர்ந்து தொழில் முடங்கும் கோடை மாதங்களில் கூட்டினால், எல்லாருக்கும் வர நேரமாவது இருக்கும்.